பெயர் தெரியாத ஆளுக்கு ஒரு முழுக்கு

டைபாய்டு வெறும் தலைவலியாகத்தான் தொடங்கும். இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது என்னைப் போல வீட்டிலேயே இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்காமல் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. காய்ச்சலைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அது எப்படி வந்தது என்று சொன்னால் வீரய்யனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைப் பற்றிச் சொன்னால் ஆகாயத்தில் நான் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாருக்காவது கேடு வந்துவிடுமோ என்று பயந்தே இத்தனை வருஷம் எழுதவில்லை. இப்போது என் அண்ணன் இல்லை. வீரய்யன் மேல் இருந்த வழக்கும் செத்துப்போயிற்று. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சென்னையில் ஆட்சி மாறி, ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று டீக்கடைக்கு டீக்கடை பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. அங்கே அரிசிப் பேச்சை விடக் கூலிப் பேச்சுதான் பெரிது. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கொடு என்று வயலில் வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். அண்ணன் முடியாது என்றார். அவர்கள் வரப்பில் சிவப்புக் கொடியை நட்டார்கள். அண்ணன் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கினார். நான் விமானப்படையிலிருந்து விலகி ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நிலத்தில் எனக்கும் பாதி உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் வம்பு என்று திறக்கவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

அந்தத் தை மாத அறுப்பில் தள்ளுமுள்ளு ஆகி, அண்ணனின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. பட்டது வீரய்யனின் அரிவாள். வேண்டுமென்றே வெட்டினானா, இழுபறியில் பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வயலில் இல்லை. வீரய்யனின் அப்பாவும் எங்கள் பண்ணையில் வேலை செய்தவர். அண்ணனும் வீரய்யனும் ஒரே குளத்தில் நீச்சல் பழகியவர்கள். அதனால்தானோ என்னவோ, அண்ணன் ரத்தத்தை வேட்டியில் பிடித்துக்கொண்டு, "மத்தவன விடுங்கடா, அவன மட்டும் எனக்குப் புடிச்சுக் குடுங்க" என்று கத்தினாராம்.

பக்கத்து ஊரில் வாடகைக் கார் வைத்திருந்தவரை அழைத்துவர நான் சைக்கிளில் ஓடினேன். வாய்க்கால் கரையில் போகும்போது செயின் கழன்றுவிட்டது. மாட்டக் குனிந்தேன். மதகுப் பாலத்துக்கு அடியில் வீரய்யன் உட்கார்ந்திருந்தான். ஆற்றில் தண்ணீர் நின்றுபோன சமயம். வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குப் பாசித் தண்ணீர்தான் கிடந்தது. அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்தான். ஓடவில்லை, கும்பிடவில்லை. ரோட்டுப் பக்கம் அண்ணனின் ஆட்கள் கம்போடு தேடுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு குரல் கொடுத்தால் போதும்.

அப்படி ஒருநாள் நானும் உட்கார்ந்து ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

வடக்கே பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது நான் ஒரு சரக்கு விமானத்தில் வேலை பார்த்தேன். மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டுவதும், சொன்ன இடத்தில் வெளியே தள்ளிவிடுவதும் என் பொறுப்பு. தள்ள வசதியாகக் கதவையே கழற்றியிருப்பார்கள். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு அந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பட்டப்பெயரே கதவோரத்து ஆள். அன்றைக்குச் சரக்கு இல்லை. காயம்பட்ட சிப்பாய்களைத் தரையில் நெருக்கிப் படுக்க வைத்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். கீழே எதுவும் தெரியாதபடி புழுதி மூட்டம். திசை தவறி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டோம் என்பது, அவர்களுடைய சண்டை விமானம் பக்கத்தில் வந்தபோதுதான் தெரிந்தது.

அது ஜெட். எங்கள் மெதுவான போக்குக்கு அதால் எங்களோடு ஒட்டிப் பறக்க முடியாது. ஒருமுறை தாண்டிப் போய், வட்டமடித்து, சக்கரங்களைக் கீழே இறக்கிவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி வந்தது. எங்களிடம் சுடுவதற்கு ஒன்றும் கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். பிறகு உள்ளே கிடந்தவர்களைக் காட்டினேன். அந்த விமானி மூக்கையும் வாயையும் மூடியிருந்த முகமூடியைக் கழற்றினார். மீசை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். எட்டி உள்ளே பார்த்தார். பிறகு கையை நீட்டி, இப்படி இல்லை, அப்படி என்று கிழக்கே காட்டினார். காட்டிவிட்டுப் புழுதிக்குள் போய்விட்டார்.

இறங்கியதும் எங்கள் விமானி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். இதை யாரிடமும் பேசக்கூடாது. சுடாமல் விட்டது வெளியே தெரிந்தால், அந்த ஆளை அவனுடைய ஆட்களே சும்மா விடமாட்டார்கள். வயர்லெஸ் பார்த்த சாமிக்கண்ணுவும் நானும் தமிழ்க்காரர்கள். இருவரும் தனியாக இருக்கும்போதுகூட அதைப் பேசிக்கொண்டதில்லை. மறுநாள், அந்தப் பக்கத்தில் எதிரி விமானம் ஒன்று விழுந்தது என்று முகாமில் செய்தி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அது அவராக இருக்குமோ என்று தோன்றியது. அன்றிலிருந்து அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை.

வீரய்யனிடம் வருகிறேன். "சின்னய்யா" என்றான்.

"பேசாத. ரோட்டுப் பக்கம் போகாத. வாய்க்காலோடயே கெழக்கே போ. வேதாரண்யத்துல உப்பளத்துல மேஸ்திரியா, என்கூட பிளேன்ல இருந்த சாமிக்கண்ணுன்னு ஒருத்தர் இருக்காரு. கதவோரத்து ஆள் அனுப்பினான்னு சொல்லு."

"உங்கள நம்பிப் போலாமா?"

"எனக்கே தெரியல. போ."

கையை நீட்டிக் கிழக்கே காட்டினேன். அவன் குனிந்தபடியே போனான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இறங்கி, அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தேன். பிறகு செயினை மாட்டிக்கொண்டு காருக்குப் போனேன்.

அண்ணனுக்கு மன்னார்குடியில் கையைத் தைத்துக் கட்டிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேலே ஆகியிருக்கும், எனக்குத் தலைவலி வந்தது. பிறகு காய்ச்சல். மலேரியா மாதிரி குளிரெடுத்து உதறவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியேறுகிற காய்ச்சல். காலையில் இறங்குகிற மாதிரி இறங்கிச் சாயங்காலம் முதல் நாளை விட ஒரு படி மேலே போய் நிற்கும். நாக்கில் வெள்ளை படிந்து, ஓரம் மட்டும் சிவந்திருக்கும். இந்த அடையாளத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கம்பவுண்டர் ஊசி போட்டார். கேட்கவில்லை. பிறகு எனக்கு நினைவு தப்பியது. வாய் ஓயாமல் பேசினேனாம். மாமியார் வந்து பார்த்துவிட்டு, இது மருந்துக்கு அடங்குகிற காய்ச்சல் இல்லை என்று கோடாங்கியை வரவழைத்துவிட்டார். கோடாங்கி என்றால் உடுக்கை அடித்து, உடம்பில் ஏறியிருப்பது யார், எங்கிருந்து வந்தது, என்ன கேட்கிறது என்று விசாரிக்கிற ஆள். எனக்கு அந்த உடுக்கைச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. விமானத்தின் எஞ்சின் சத்தம் என்று நினைத்துக்கொண்டு கதவை இறுகப் பிடித்தேன். நான் பிடித்தது கட்டில் சட்டமாம்.

அன்றைக்கே அண்ணன் கார் வைத்துத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. ரத்தம் எடுத்து வைடால் என்று ஒரு சோதனை செய்தார்கள். டைபாய்டுக் கிருமியோடு நம் உடம்பு சண்டை போட்டிருந்தால் அது ரத்தத்தில் தெரிந்துவிடுமாம். டாக்டர் இளவயசுக்காரர். நினைவு தெளிந்தபோது என்னிடம் பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிருமி குடலில் போய்ப் புண்ணாக்கும். புண் ஆறுகிற வரைக்கும் சோறு, இட்லி எதுவும் ஆகாது. அந்த இடத்தில் குடல் ஈரக் காகிதம் மாதிரி இருக்கும், அழுத்தம் பட்டால் ரத்தம் கசியும் அல்லது ஓட்டை விழும். அதனால் பார்லித் தண்ணீர், ஆரஞ்சுச் சாறு, குழையக் காய்ச்சி வடித்த கஞ்சி, அவ்வளவுதான். எழுந்து நடக்கவே கூடாது. குளோராம்பெனிகால் என்று ஒரு மாத்திரை வேளை தவறாமல் வந்தது. வாயெல்லாம் கசந்தது.

"தண்ணியிலதான் இது வரும். எந்தத் தண்ணியக் குடிச்சீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் டாக்டர்" என்றேன்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். பாவம், கிணறு.

பக்கத்துப் படுக்கையில் மஞ்சள் காமாலையோடு கலியபெருமாள் என்று ஒருவர். பழைய பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர். வாய் மட்டும் படுக்கையில் படுக்காது. அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"நான் இங்க வந்தப்பறம் எதாச்சும் ஒளறினேனா?"

"கதவ சாத்துங்க, கதவ சாத்துங்கன்னு ஒரே சத்தம். நர்ஸம்மா ரெண்டு தடவ சாத்திட்டு வந்தாங்க. அப்பறமும் விடல நீங்க. எந்தக் கதவுய்யா அது?"

"வேற எதாச்சும்? ஆள் பேரு, ஊர் பேரு?"

"ஏன், சின்ன வீடு எதாச்சும் இருக்கா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே உளறாவிட்டால் ஊரில் உளறியிருப்பேன். யாரைக் கேட்பது? என் மனைவி ராஜாமணியிடம் கேட்டால், "உசுரு பொழச்சு வந்திருக்கீங்க, பேசாம படுங்க" என்று நெற்றியில் ஈரத்துணியைப் போடுவாள். வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்து எனக்குக் கஞ்சி காய்ச்சுவாள். அதைத் துணியில் வடிகட்டிக் கொடுத்துவிட்டு, அடியில் தங்கிய பருக்கையைத்தான் அவள் சாப்பிட்டாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உண்மையைச் சொன்னது மாமியார். தப்பு ஒன்றும் நினைக்காமல்தான் சொன்னார்.

"இனிமே பயமில்ல மாப்ளே. அதுதான் கேட்டத வாங்கிட்டுப் போயிருச்சே."

"எது அத்தை?"

"ஒங்க மேல இருந்ததுதான். கோடாங்கி கேட்டாரு, யாரு நீ, எங்கேர்ந்து வந்தேன்னு. ஆகாசத்துலேர்ந்து வந்தேன்னீங்க. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. விட்டுட்டுப் போனாரு, விட்டுட்டுப் போனாருன்னு ஒரே அழுகை. சரி, இப்ப எங்க போகணும்னாரு. வேதாரண்யம்னீங்க."

"அப்பறம்?"

"உப்பளம்னீங்க. கதவோரத்து ஆளுன்னீங்க. யாரோ பேரு சொன்னீங்க, உடுக்கச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. ஒங்க அண்ணன்தான் தலமாட்டுல ஒக்காந்து குனிஞ்சு கேட்டுக்கிட்டிருந்தாரு. அவருதான் வாசலுக்கு வந்து சொன்னாரு, ஒண்ணுமில்ல, அது கடல் முழுக்கு கேக்குது, நானே போயி முழுகிட்டு வந்துர்றேன்னு. நீங்க இங்க வந்த மறுநாளே போயிட்டும் வந்துட்டாரே!"

"வேதாரண்யத்துக்கா? யாரு கூட?"

"யாரும் இல்ல, தனியாத்தான்."

ராஜாமணி அம்மாவின் கையைக் கிள்ளினாள். கிள்ளிப் புண்ணியமில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்தார். வலது கைக்கட்டைப் பார்த்தேன். புறங்கைப் பக்கம் துணி விறைத்துப்போய், மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு. அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிச்சமிருந்த மூன்று விரலால் ஆரஞ்சைப் பிடித்துக்கொண்டு இடது கையால் உரித்தார். நாரையும் கொட்டையையும் ஒன்றுவிடாமல் எடுத்தார், சுளையைத் துணியில் போட்டுப் பிழிந்தார். எனக்கு அம்மை போட்டபோதுகூட இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கையிலிருந்து சாற்றை வாங்கிக் குடிக்கும்போது, இந்தக் கை வேதாரண்யத்தில் என்ன செய்துவிட்டு வந்தது என்றுதான் நினைத்தேன்.

"வேதாரண்யத்துல கூட்டமாண்ணே?"

"அமாவாசையா என்ன, கூட்டம் இருக்க?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. வீரய்யன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டால், அவனை அனுப்பியது நான்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். அண்ணனுக்குப் பாதிதான் தெரிந்திருக்கலாம். மிச்சப் பாதியை நானே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

இப்படி நாட்கள் போயின. கட்டிலின் தலைமாட்டில் காய்ச்சல் அளவைக் கோடு போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். கலியபெருமாள் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்.

"ஏன் தம்பி, ஒங்க அண்ணன் வந்துட்டுப் போனாலே ஒங்களுக்கு ஜுரம் ஏறுது. எனக்கு இப்படி ஒரு அண்ணன் இருந்து சாறு பிழிஞ்சு குடுத்தா, காமாலை கடையப் பூட்டிட்டு ஓடியிருக்கும்."

பகலில் கண்ணை மூடினால் அந்தக் கதவு வந்தது. வாசலுக்கு வெளியே அந்த ஜெட். முகமூடியைக் கழற்றினால் மீசைக்காரர் முகம் இல்லை, வீரய்யன் முகம். அவன் கையை நீட்டிக் கிழக்கே காட்டுகிறான். அங்கே அண்ணன் நிற்கிறார். என்னை ஒருவர் விட்டார். என் வாயிலிருந்து அந்த விஷயம் போகாத வரைக்கும் அவருக்கு ஆபத்தில்லை என்று வாயைக் கட்டி வைத்திருந்தேன். அந்த வாய்தான் கடைசியில் ஊர்கூடி இருக்கும்போது வீரய்யனைக் காட்டிக் கொடுத்தது. கண்ணைத் திறந்தால் மேலே மின்விசிறி சுற்றும். அதையும் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.

காய்ச்சல் இறங்கியது. இறங்குகிற சமயம்தான் டைபாய்டில் மோசமான சமயம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உடம்பு லேசாகி, பசி எடுத்து, எழுந்து நடக்கலாம் போலத் தோன்றும். குடல் மட்டும் இன்னும் பச்சைப் புண்ணாக இருக்கும். எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தாலும் ராஜாமணி கஞ்சி காய்ச்சப் போன நேரம் பார்த்துச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். எப்படியாவது பஸ் ஏறி வேதாரண்யம் போய்ப் பார்த்துவிட வேண்டும். இருக்கிறான் என்று தெரிந்தால் போதும்.

"எங்க தம்பி?" என்றார் கலியபெருமாள்.

"பல் வெளக்க."

"சட்ட போட்டுக்கிட்டா?"

வராந்தாக் குழாய் வரைக்கும்தான் போனேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நினைவு வந்தபோது படுக்கையில் கிடந்தேன். வயிற்றின்மேல் ஐஸ் பை இருந்தது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருந்தது. உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும் என்று நர்ஸம்மா சொன்னார். கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். கையில் ஊசி வழியாகப் பாட்டிலிலிருந்து நீர் இறங்கியது. பக்கத்தில் ராஜாமணி என் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை விட்டால் நான் போய்விடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

டாக்டர் வராந்தாவில் அண்ணனிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"மருந்து வேலை செய்யுது. அவரு மனசுதான் செய்ய விடல. எதையோ நெனச்சு அலட்டிக்கிறாரு. இன்னொரு தடவ எந்திரிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. என்னன்னு கேட்டு முடிச்சு விடுங்க."

அண்ணன் உள்ளே வந்தார். ராஜாமணியைப் பார்த்து, "நீ போயி ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வாம்மா" என்றார். கலியபெருமாளைப் பார்த்தார். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாகக் குறட்டை விட்டார்.

"எங்கடா கெளம்புன?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கேக்கணும்னா கேட்டுத் தொலையேன்டா. செத்துப்போயி என்னைக் கொலகாரன் ஆக்காத."

"இருக்கானாண்ணே?"

அண்ணன் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இருக்கான். உப்புச் செமக்குறான்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் வயிறு குலுங்குமே என்று அதற்கும் பயம். வாயைத் திறந்து மூச்சு விட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன், கத்திய எடுத்துக்கிட்டுத்தான் போனேன். ஆளக் கூட்டிக்கிட்டுப் போகல. அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. பாத்தி வரப்புல எதுத்தாப்ல வந்தான். தலையில உப்புக்கூடை. ரெண்டு கையும் மேல. என்னப் பாத்துட்டான். கூடையப் போட்டுட்டு ஓடுவான்னு பாத்தேன். போடல. அப்படியே நிக்கிறான்."

"அப்பறம்?"

"நீதானே பொலம்புன, கதவுல ஒக்காந்து ரெண்டு கையையும் தூக்குனேன், தூக்குனேன்னு. உடுக்கக்காரன் கேக்கக் கேக்க எல்லாத்தையும் சொல்லிட்டியேடா. அந்த ஆளு மொகமூடியக் கழட்டுனது வரைக்கும். நான் ஒருத்தன்தான் காது குடுத்துக் கேட்டேன். மத்ததெல்லாம் பேயப் பாத்துக்கிட்டிருந்துச்சு. எனக்கு அவன் மேல கோவம் போகல. இந்தக் கையப் பாக்குற வரைக்கும் போகாது. கூலியும் கூட்டித் தர மாட்டேன். அது வேற. ஆனா அவன் அப்படி நிக்கயில என்னால முடியல. போன்னு கையக் காமிச்சேன். போயிட்டான்."

"ஒண்ணும் பேசலயா?"

"என்ன பேசுறது? வெத்தல பாக்கு வச்சு விருந்துக்கா கூப்புடுறது?"

குறட்டை ஒரு நிமிஷம் நின்று மறுபடி தொடங்கியது.

"முழுக்குன்னு ஊருல சொல்லிட்டு வந்தாச்சு. வந்ததுக்கு முழுகிட்டே போவோம்னு கடலுக்குப் போனேன். ஐயர் ஒருத்தர் சும்மா ஒக்காந்திருந்தாரு. யாருக்குன்னாரு. ஒரு ஆளுக்குன்னேன். பேரு? தெரியாது. ஊரு? எதிரி ஊருன்னேன். ஒமக்கு என்ன ஒறவுன்னாரு. எந்தம்பிய விட்டுட்டுப் போனவருன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. பேர் தெரியாதவாளுக்கும் ஜலம் விடலாம், விடுங்கோன்னு எள்ளக் கையில போட்டாரு. இந்தக் கையில எங்க நிக்குது எள்ளு? பாதி ஒழுகிப் போச்சு. கட்டோட முழுகுனேன். உப்புத் தண்ணி பட்டதும் உசுரே போயிருச்சுடா தம்பி."

நான் அந்தக் கைக்கட்டைப் பார்த்தேன். இவ்வளவுக்கும் பிறகு மனசு அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அடங்கவில்லை. வேறொன்று கிளம்பியது.

"அண்ணே."

"என்ன?"

"அந்த ஆளு உசுரோட இருந்தா?"

"என்னது?"

"விழுந்தது அவரு விமானம்தான்னு நிச்சயமாத் தெரியாதுண்ணே. உசுரோட இருக்குற ஆளுக்கு எள்ளும் தண்ணியும் விட்டா அவருக்கு ஆகாதே."

அண்ணன் என்னையே பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். விரல் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நீ திருந்தவே மாட்டடா."

சிரிப்பு முடிந்ததும் அவர் முகமும் மாறியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "செத்துட்டாருன்னுதானேடா அழுத?" என்றார், என்னிடம் கேட்பது போல இல்லாமல். பிறகு அவரே, "இருந்தா இருக்கட்டும். பாதி எள்ளு ஒழுகிப் போச்சே. அந்தப் பாதிக்கு அவரு இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் எழுந்து நடக்கவில்லை. டாக்டர் சொன்னபடி கிடந்தேன். கலியபெருமாள் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். போகும்போது குனிந்து, "நான் அன்னிக்கு நல்லாத் தூங்கிட்டேன் தம்பி" என்றார். எனக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டைபாய்டுக்குப் பிறகு அப்படிக் கொட்டும், பயப்பட வேண்டாம், மறுபடி முளைக்கும். எனக்கும் முளைத்தது.

வீரய்யன் ஊர் திரும்பவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை அங்கேயே அழைத்துக்கொண்டான். அடுத்த அறுப்பிலும் கூலிச் சண்டை வந்தது, அண்ணன் அதே அண்ணனாகத்தான் நின்றார். வீரய்யன் இருக்கும் இடத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ்காரர் வீட்டு வாசலில் வந்து கேட்டபோது, "தெரிஞ்சா நானே வந்து சொல்ல மாட்டேனா" என்றார்.

போன வருஷம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அவருக்காக வேதாரண்யம் போனேன். சாமிக்கண்ணு சொல்லியிருப்பார் போல, வீரய்யன் கடற்கரையில் நின்றான். தலை நரைத்துவிட்டது. என் துண்டையும் சட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டான். தண்ணீருக்குள் வரவில்லை.

"எனக்கும் கோவம் போகல சின்னய்யா" என்றான். "ஆனா சேதி கேட்டதும் வேலைக்குப் போகப் புடிக்கல."

அண்ணன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். வேறு யாருக்காவது உண்டா என்று ஐயர் கேட்டார். ஒருத்தர் உண்டு என்றேன். பெயர் கேட்டார். தெரியாது என்றேன். அவர் எள்ளை என் கையில் போட வந்தார். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று நான் தண்ணீரை மட்டும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். அந்த மீசைக்கார விமானி இப்போது எங்காவது ஒரு ஊரில், என்னைப் போல வயிற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கலாம். அல்லது அந்தப் புழுதிக்குள்ளேயே போயிருக்கலாம். எள்ளைப் போடுவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப்போயிற்று.

ஐயர் எள்ளோடு காத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து மறுபடி அள்ளினேன்.